பணி ஓய்வு: முதல் மூன்று மாதம் கடிகாரத்தைக் கைவிடாதீர்கள்

அரசுப் பணியில் பெரும்பாலும் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் வேலை முடிகிறது. செட்டிநாட்டுக் குடும்பங்களில் மணிவிழாவும் அதையொட்டியே வந்துவிடும். விருந்தும் உறவும் ஓய்ந்து, வீடு வெறிச்சோடிய பிறகுதான் ஓய்வு தொடங்குகிறது. "தலை கிறுகிறுக்குது, தூக்கமே வரல" என்று அந்தச் சமயத்தில் சிகிச்சைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள்?

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம். கிளிமெபிரைட் போன்ற மாத்திரையைப் பழைய பழக்கத்தில் ஏழு மணிக்கே போட்டுவிடுவார்கள். அலுவலகம் இல்லாததால் இட்லி மட்டும் பத்து மணிக்குத் தள்ளிப்போகும். மாத்திரை உணவுக்காகக் காத்திருக்காது. இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும். பலர் அதை வெயில் மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள், அது ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எழும் நேரம் வேலைக்குப் போன நாட்களில் இருந்ததே இருக்கட்டும். எழுந்ததும் ஊருணிக் கரையில் அரைமணி நேரம் நடந்தால் வெயிலும் படும், நாலு பேர் முகமும் பார்க்கலாம். மதியத் தூக்கம் மூன்று மணிக்குள், அரைமணிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் தூங்கினால் இரவில் விழித்துக் கிடக்க நேரும்.

வெளியூரில் பணி முடித்து, பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் கால் விஷயத்தில் கவனமாக இருங்கள். உயர்ந்த நிலைப்படி, செங்குத்தான மாடிப்படி, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடித் தளம் எல்லாம் இளவயதில் ஓடித் திரிந்த இடங்கள்தான். கால் இப்போது அப்படியில்லை. வளவிலிருந்து (உள்முற்றப் பகுதி) கழிப்பறை வரை இரவு விளக்கு போடுங்கள், படியில் கைப்பிடி வையுங்கள். ஓடு மாற்ற, பரண் துடைக்க ஏணி ஏறும் வேலையை ஆள் வைத்தே செய்யுங்கள்.

ஓய்வு பெற்ற ஆண் அடுப்படியில் கணக்குக் கேட்கத் தொடங்கினால் வீட்டில் சண்டை நிச்சயம். ஏதாவது ஒரு வேலையை, காய்கறி வாங்குவதையோ வங்கி வேலையையோ, முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நிலைமை நேர்மாறு. ஆசிரியை ஓய்வு பெற்ற மறுநாளே பேரப்பிள்ளையும் சமையலும் முழுநேர வேலையாகிவிடும். எத்தனை மணி வரை பார்த்துக்கொள்ள முடியும் என்பதை முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

பணக்கவலையும் தூக்கத்தைக் கெடுக்கும். மணிவிழாவுக்கு இவ்வளவுதான் என்று பணிக்கொடை கைக்கு வருமுன்பே முடிவு செய்யுங்கள். வங்கி வைப்புக்குக் காப்பீடு, ஒரு வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி வரும். முதல் மூன்று மாதம் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் நாட்டமில்லை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.