ஊசித் துளைக்குள் ஒரு சிப்பி

1919 முதல் 1921 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியில் படகுத்துறைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சரிந்தன. துறையைத் தாங்கிய மரத்தூண்கள் வெளிப்பார்வைக்குத் திடமாகத்தான் இருந்தன. முறிந்த இடத்தில் பார்த்தால் உள்ளே பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் நடுவே மிஞ்சியது காகிதம் போல மெல்லிய மரச்சுவர்.

துளைத்தது டெரிடோ நவாலிஸ். கப்பல் புழு என்று பெயர் விழுந்துவிட்டது, ஆனால் புழுவே அல்ல; மட்டிக்குச் சொந்தக்கார உயிர். உடம்பு மட்டும் நீண்டுபோய், இரண்டு ஓடுகளும் தலைப்பக்கம் சிறிதாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டின் மேல் அரம் போல வரிவரியாகப் பற்கள். அதை ஆட்டி ஆட்டித்தான் மரத்தைச் சுரண்டும்.

கண்ணுக்கே தெரியாத குஞ்சாக நீரில் மிதந்து வந்து மரத்தில் ஒட்டும். ஊசி குத்தியது போல ஒரு துளை போட்டு உள்ளே போனால், அப்புறம் ஆயுசுக்கும் வெளியே வராது. உள்ளே உடம்பு பெருக்கப் பெருக்க வளையும் பெருக்கும். வாசல் மட்டும் அதே ஊசித் துளைதான். தூண் கெட்டது வெளியே தெரியாமல் போவது இதனால்தான். வளைச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். எத்தனை நெருக்கமாக இருந்தாலும் பக்கத்து வளைக்குள் புகாமல் ஒதுங்கிப் போகும், நல்ல அண்டை வீட்டுக்காரர் மாதிரி!

சரி, மரத்தைத் தின்றால் எப்படிச் செரிக்கும்? செவுளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைச் செய்து தருகின்றன. மரத்தில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. நீரில் கரைந்த நைட்ரஜனைப் பிடித்து அந்தக் குறையைத் தீர்ப்பதும் இவைதான். பிலிப்பைன்சில் இந்தச் சிப்பிகளின் உறவினம் ஒன்றை வினிகரில் நனைத்துப் பச்சையாகவே தின்கிறார்கள். பெயர் தமிலோக். தமிழுக்கும் அதற்கும் உறவு தேட வேண்டாம்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வருவோம். விரிகுடாவின் வடபகுதியில் சாக்ரமெண்டோ, சான் வாக்கின் ஆறுகள் வந்து கலப்பதால் உப்பு குறைவு. அங்கே மரம் அரிக்கும் பிராணி வராது என்று நம்பித் தூண்களைப் பாதுகாப்புப் பூச்சு இல்லாமலே நட்டிருந்தார்கள். புதிதாக வந்து சேர்ந்த டெரிடோவோ குறைந்த உப்பையும் தாங்கும் இனம். மழை பொய்த்த ஆண்டுகளில் கடல்நீர் மேலேறியதும் அதுவும் கூடவே ஏறிவிட்டது. ஆற்று வெள்ளம் வந்தால் ஒழிந்துவிடுமே என்று தோன்றும். நீரை உள்ளிழுக்கவும் வெளிவிடவும் வாசலில் நீட்டியிருக்கும் இரண்டு குழாய்களையும் உள்ளே இழுத்து, வாலிலுள்ள சுண்ணாம்புத் தட்டுகளால் துளையை அடைத்துக்கொண்டு, அது வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். உப்பு திரும்பியதும் கதவைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து சுரண்டத் தொடங்கும்.