பழைய கணினியில் கூடுதல் டிஸ்க்: பொருத்துமுன் பார்க்க வேண்டியவை

பழைய கணினியில் இன்னொரு ஹார்டு டிஸ்க்கைச் சேர்க்க நினைப்பவர்கள், கேபினெட்டில் இடம் இருக்கிறதா, மதர்போர்டில் போர்ட் காலியாக உள்ளதா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் சேதங்களில் பெரும்பாலானவை இவற்றால் வந்தவை அல்ல. மின் இணைப்பாலும், புதிய டிஸ்க்கின் முழுக் கொள்ளளவையும் எண்ணத் தெரியாத பழைய மென்பொருளாலும் வந்தவை.

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஏறத்தாழ 2 ஆம்பியர் வரை இழுக்கும். வேகம் பிடித்த பின் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா மின் கனெக்டரிலோ ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர் என்று மொத்தம் 4.5 ஆம்பியர்தான் வரம்பு. ஆகவே ஒரே கனெக்டரை ஸ்பிளிட்டர் மூலம் நான்கு டிஸ்க்குகளுக்குப் பிரித்தால், கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வரம்பு மீறப்படக்கூடும். இதைவிட அபாயமானது, கம்பிகளைச் சுற்றி பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்த மோலெக்ஸ்–சாட்டா அடாப்டர் (பழைய நான்கு பின் மோலெக்ஸ் மின் இணைப்பைச் சாட்டாவாக மாற்றுவது). உள்ளே கம்பி முனைகள் சற்றே விலகினாலும், மஞ்சள் நிற 12 வோல்ட் கம்பிக்கும் அடுத்துள்ள கிரவுண்டுக்கும் இடையே மின்கசிவு ஏற்பட்டு, கனெக்டர் பழுப்பேறி உருகும், தீப்பற்றியதும் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனி உலோக முனையில் இறுக்கப்பட்ட கிரிம்ப் வகையைக் கேட்டு வாங்குவதே நல்லது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், எந்த அடாப்டரும் உதவாது.

கொள்ளளவுச் சிக்கல் சத்தமில்லாமல் வருவது. டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும் எண் கொடுக்கும் பழைய 28 பிட் முகவரி முறையால் 137 ஜிபிக்கு மேல் எண்ண இயலாது. முதல் சர்வீஸ் பேக் இல்லாத விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு எடுத்துக்காட்டு. வேறொரு கணினியில் பெரிய பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க்கை அதில் இணைத்தால், எல்லைக்கு அப்பால் எழுதவேண்டிய தரவு டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து, கோப்பு அட்டவணையையே அழித்துவிடலாம். 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டப்பட்டால், டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். டிஸ்க்கைக் கணினியோடு பேசவைக்கும் கன்ட்ரோலரின் டிரைவர் மென்பொருள் 32 பிட் எல்லையில் நின்றுவிட்டது என்று பொருள்.

மதர்போர்டில் போர்ட் போதாமல் கன்ட்ரோலர் கார்டு வாங்குவோர் வேகத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் சாதாரண பிசிஐ பஸ் விநாடிக்கு 133 எம்பி மட்டுமே தரும், அதையும் மற்ற கார்டுகளோடு பகிர்ந்துகொள்ளும். எஸ்எஸ்டிக்கு இது போதாது, பேக்கப் டிஸ்க்குக்குத் தாராளம். பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கும் மதர்போர்டு மென்பொருள்) பெரும்பாலும் என்விஎம்இ எனும் புதுவகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகாது என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள்.

தரவு நிறைந்த டிஸ்க்கை ரெய்டு கார்டுக்கு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கார்டு) மாற்றுவதில் கூடுதல் கவனம் தேவை. சில கார்டுகள் அமைப்பின்போது தங்கள் குறிப்புகளை டிஸ்க்கிலேயே எழுதிவிடும். அதேபோல, சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டர் (டிஸ்க்கின் மிகச் சிறிய பதிவுப் பகுதி) அளவை மாற்றிக் காட்டுவதால், அவற்றிலிருந்து கழற்றி நேரடியாக இணைத்த டிஸ்க் வெறுமையாகத் தெரியலாம். அப்போது விண்டோஸ் 'இனிஷியலைஸ்' (டிஸ்க்கைப் புதிதாகத் தயார்செய்தல்) செய்யவா என்று கேட்டால், சம்மதிக்காமல் டிஸ்க்கைப் பழைய பெட்டியிலேயே திரும்பப் பொருத்தி, முதலில் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.