குறைமாதக் குழந்தையின் மூச்சுக்கு எந்தத் துணை நல்லது?

"வென்டிலேட்டர் வைக்காமல் மூக்கில் குழாயை மட்டும் வைத்திருக்கிறீர்களே டாக்டர், அது போதுமா?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய இயந்திரம்தான் பெரிய சிகிச்சை என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை.

மூச்சை வெளிவிடும்போது நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் குறைவாக இருப்பதே திணறலுக்குக் காரணம் என்று 1959-இல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டறிந்தார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு விலா இடுக்குகள் உள்வாங்கும். ஒவ்வொரு மூச்சிலும் மெல்லிய முனகல் கேட்கும். குரல்வளையைப் பாதி மூடி, உள்ளே சென்ற காற்று முழுவதும் வெளியேறிவிடாமல் பிடித்துவைக்க அக்குழந்தை தானே செய்யும் முயற்சிதான் அந்த முனகல். பெற்றோர் பார்க்கும் அந்த மூக்குக் குழாய்ச் சிகிச்சையான சிபாப் (CPAP) செய்வதும் அதே வேலையைத்தான். மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தம் கொடுத்துக் காற்றுப்பைகளைத் திறந்து வைக்கிறது. வெளிமூச்சு தண்ணீர் வழியாகக் குமிழியிட்டு வெளியேறும் வகையான குமிழி சிபாப்பில், வெளிமூச்சுக் குழாயின் நுனி தண்ணீரில் 5 செ.மீ. மூழ்கியிருந்தால் அழுத்தமும் ஏறத்தாழ 5 செ.மீ. நீரழுத்தமே. குமிழிகள் நின்றால் நாங்கள் முதலில் தேடுவது குழாய் இணைப்புகளிலோ மூக்கருகிலோ உள்ள காற்றுக் கசிவைத்தான்.

வென்டிலேட்டர் உயிர் காப்பது உண்மை. குழந்தை களைத்து அடிக்கடி மூச்சை நிறுத்தும்போதோ, இரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போதோ அதைத் தள்ளிப்போடுவது தவறு. ஆனால் அது முதிராத நுரையீரலைக் காயப்படுத்தி, நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு வழி வகுக்கக்கூடும். தானாக மூச்சுவிடும் குழந்தைக்கு சிபாப்பில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. சிபாப்பில் தொடங்குவதையும் மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தித் தொடங்குவதையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான காயின் (COIN) ஆய்வும் 2010-இல் வெளியான சப்போர்ட் (SUPPORT) ஆய்வும் இதற்கு இடம் தருகின்றன. எனினும் காயின் ஆய்வில் சிபாப் பெற்ற குழந்தைகளிடையே நுரையீரலிலிருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிவது கூடுதலாகக் காணப்பட்டது என்பதையும் பெற்றோரிடம் மறைப்பதில்லை.

சிபாப் மட்டும் போதாதபோது சர்ஃபாக்டன்ட் மருந்தை நேரே மூச்சுக்குழாயில் செலுத்துகிறோம். 1980-இல் ஜப்பானின் ஃபுஜிவாரா குழு இதன் பயனைக் காட்டியது. முன்பு இதற்காகக் குழந்தைக்குத் தடித்த குழாய் பொருத்துவோம். இப்போது சிபாப்பை எடுக்காமலேயே மெல்லிய குழாய் வழியாகக் கொடுக்க முடிகிறது. சிபாப்புக்கு மாற்றாக, சிறு மூக்குக் குழாய்கள் வழியாக வேகமாகக் காற்றைச் செலுத்தும் அதிவேகக் காற்றோட்டக் கருவியும் உண்டு. அது மூக்கைப் புண்ணாக்குவது குறைவு. ஆனால் முதல் சிகிச்சையாக அது சிபாப் அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

எந்தக் கருவியானாலும், குழந்தையின் நுரையீரல் ஓரளவு தயாராக இருந்தால் நன்றாக உதவும். முன்கூட்டியே பிரசவ வலி வந்த தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அந்தத் தயாரிப்பைச் செய்கிறது. அதன் பலன் நன்றாகக் கிடைக்க ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும் என்பதால், வலி தொடங்கியவுடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.