கடலைப் பார்த்து நிற்பவர்களே, ஒருமுறை திரும்பிப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் பின்னேரம். கலியாணம் முடிந்து ஒரு கிழமையான ஒரு சோடியைப் படம் எடுக்கக் கொழும்புக் கடற்கரையில் இருக்கிற காலிமுகத்திடலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். மேற்கே வானம் பொன்னாகிக்கொண்டிருந்தது. அவர்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றார்கள், நான் கடலைப் பார்த்து நின்றேன். உதவிக்கு வந்த தம்பி வெள்ளிக் குடை பூட்டிய லைட் ஸ்டாண்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான்.

"அண்ணா, உங்களுக்குப் பின்னால வானம் கறுத்துக்கொண்டு வருது" என்றாள் மணப்பெண்.

"இன்னும் ரெண்டே ரெண்டு படம் தங்கச்சி" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரண்டு படமும் எடுத்து முடிய முதலே வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நான்கு பேரும் குனிந்து ஓடினோம். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மழைக்குள் அந்தத் தம்பி இரும்புத் தடியைக் கைவிடாமல் ஓடிவந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கமராவும் விளக்கும் பழுதாகிவிடக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை.

மேகமும் வானமும் எடுக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் இப்போது முதலில் சொல்வது கமரா செட்டிங் இல்லை, முகிலின் போக்கைத்தான்.

கொழும்பில் எல்லோரும் வானம் பார்க்க மேற்கே போகிறோம். சூரியன் கடலில் இறங்குகிறது, அதனால் கண் அந்தப் பக்கமே போகும். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் இடிமுகில் பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை. பகலில் தரை சூடேற, கடற்காற்று ஈரத்தை உள்நாட்டுக்குக் கொண்டு போகிறது. அவிசாவளை, இரத்தினபுரிப் பக்கம் மலையடியில் அந்த ஈரக்காற்று மேலெழுந்து, மத்தியானத்துக்குப் பிறகு திரள் திரளாக வளர்கிறது. காலையில் பஞ்சுப்பொதி போல இருந்தது பின்னேரம் 10 கிலோமீட்டருக்கு மேலே கோபுரமாகி, உச்சி தட்டையாகிப் பட்டறைக்கல் போல விரிந்துவிடும். மாலையில் மேல்காற்று அதை மேற்குக் கரைக்குத் தள்ளுகிறது. ஆகவே காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து நிற்கிறவனுடைய முதுகுப் பக்கத்தால்தான் அது வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றில் கதை வேறு. அப்போது முகில் கடலிலிருந்தே தாழ்ந்து ஓடிவரும்.

இதில் ஒரு அழகும் இருக்கிறது. அஸ்தமன வெளிச்சம் நேராகப் போய் விழுவது அந்தக் கிழக்கு முகிலின் மேல்தான். அடி கருநீலமாகவும் உச்சி செம்மஞ்சளாகவும் நிற்கும். அதற்கு முன்னால், கட்டடங்களுக்கு இடையால் 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரம் தெரியும். மழை அந்தப் பக்கம் பெய்து, சூரியன் இந்தப் பக்கம் தாழ்ந்திருந்தால் வானவில்லும் கிழக்கில்தான் விழும். சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ, வில் அவ்வளவு உயரும். அஸ்தமனத்தை ஒட்டி அது ஏறத்தாழ முழு அரைவட்டம். அதை முழுதாக அடக்க 20 மில்லிமீட்டரோ அதைவிட அகலமானதோ ஒரு லென்ஸ் வேண்டும். நூறு பேர் கடலில் இறங்குகிற ஒரே சூரியனை எடுத்துக்கொண்டிருக்கும்போது, திரும்பி நிற்கிற ஒருவருக்கு மட்டும் அந்தப் படம் கிடைக்கும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடுகிற வெளிச்சத்தின் அளவு, பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்புக்கு வருகிற படங்களில் பாதி இதில்தான் கெடுகிறது. கமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகிலைக் காட்டினால் வெளிறச் செய்துவிடும். நேரில் பயமுறுத்திய வானம் படத்தில் கழுவிவிட்ட துணி போல இருப்பது இதனால்தான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது பாதியாக, குறையுங்கள். கமரா காட்டுகிற வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் வலப்பக்க ஓரத்தில் மலை முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முட்டினால் முகிலின் பிரகாசமான விளிம்பு போய்விட்டது என்று அர்த்தம், அதைப் பிறகு கணினியில் மீட்க முடியாது. நிழலை மீட்கலாம், அதுவும் ரோ ஃபைலாக எடுத்திருந்தால் தாராளமாக மீட்கலாம். போனில் எடுப்பவர்கள் முகிலின் மிகப் பிரகாசமான இடத்தில் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். தரை கறுத்தால் கறுக்கட்டும். காலிமுகத்திடலில் தரையில் இருப்பது பட்டம் விடுகிற பிள்ளைகளும் இஸ்ஸோ வடை வண்டிகளும். அவை நிழலுருவமாகவே அழகு.

வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகமானால் மேற்பாதி கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் போடலாம். அல்லது மூன்று எக்ஸ்போஷரில் எடுத்து இணைக்கலாம். ஆனால் முகில் ஓடுகிறது, அலையும் ஓடுகிறது. மூன்றையும் அடுத்தடுத்து வேகமாக எடுக்காவிட்டால் இணைக்கும்போது பேய் உருவம் வரும்.

வானத்தின் நீலத்தை ஆழமாக்குகிற போலரைசர் ஃபில்டர் வாங்கிய பிள்ளைகள் அதைக் கழற்றுவதே இல்லை. சூரியனுக்குச் செங்கோணமாக இருக்கிற வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். சூரியன் மேற்கில் தாழ்ந்திருக்கும்போது அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்குக்குப் போகிறது. வெள்ளவத்தைக் கரையில் நின்று தெற்கே கல்கிசைப் பக்கம் எடுக்கிறீர்களா, போடுங்கள். நீலம் ஆழமாகி முகில் எழுந்து நிற்கும். நேரே அஸ்தமனத்தைப் பார்த்து எடுக்கும்போது அது ஒன்று, ஒன்றரை ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. மிக அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாகத் தெரியும். வானவில்லுக்குப் போட்டுத் தவறாகத் திருப்பினால் வானவில்லே மறைந்துவிடும்.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் அஸ்தமனம் நவம்பரில் 5.50 அளவிலும் ஜூலையில் 6.30 அளவிலும் வருகிறது. ஜூனில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே 23 பாகை அளவு விலகி இறங்குவதால், காலிமுகத்திடலில் நிற்பவருக்கு அது துறைமுக நகரப் பக்கம் போகும். டிசம்பரில் அதே அளவு தெற்கே விலகித் திறந்த கடலில் இறங்கும். சூரியன் மறைந்த உடனே ட்ரைபொட்டை மடிக்காதீர்கள். உயரத்தில் இருக்கிற கீற்று முகில்களுக்கு அப்போதும் வெயில் படுகிறது. அடுத்த 10, 15 நிமிடத்தில்தான் அவை அடியிலிருந்து சிவக்கும். நம் ஊர் பூமத்தியரேகைக்குப் பக்கம், சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருட்டு விரைவாகிவிடும். அந்தச் சில நிமிடத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அந்தச் சில நிமிடத்துக்காகத்தான் ஆட்கள் நிற்கக் கூடாத நேரத்தில் நிற்கிறார்கள். ஆகவே மின்னலுக்கு வருகிறேன்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடியின் சத்தம் 3 செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர் அளவு வரும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் இடத்தில் விழலாம். தலைக்கு மேல் நீலவானம் இருந்தாலும் விழலாம். அப்போது படம் எடுப்பதை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பி வர வேண்டும். நான் எண்ணுவதற்குக்கூட நிற்பதில்லை, இடி கேட்டால் மடிக்கத் தொடங்கிவிடுவேன். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு மரங்கள் அரிதான வெளியில், கையில் நீட்டிய ட்ரைபொட்டோடு நிற்கிற மனிதர்தான் அங்கே உயரமான பொருள். கார்பன் ஃபைபர் ட்ரைபொட் பாதுகாப்பு என்று சிலர் நம்புகிறார்கள், கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். "தாமரைக் கோபுரம் இருக்குத்தானே சேர், மின்னல் அதிலதானே விழும்" என்று ஒரு பிள்ளை கேட்டான். அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதன் பாதுகாப்பு அதன் காலடியோடு சரி, காலிமுகத்திடலுக்கு வராது. ஈரநூலில் பட்டம் விடுகிற சின்னப் பிள்ளைகளைக் கண்டால் தயவுசெய்து அவர்களின் தாய் தகப்பனிடம் சொல்லுங்கள்.

எங்கே போவது? கொங்கிரீட் கட்டடத்துக்குள். அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள், உலோகக் கூடு மின்சாரத்தை வெளியாலேயே தரைக்குக் கொண்டுபோய்விடும். ஓட்டோ அப்படியல்ல. மேலே ரெக்சின், இரண்டு பக்கமும் திறந்தது. மழைக்கு ஒதுங்கலாம், மின்னலுக்கு ஒதுங்க முடியாது. வடை வண்டித் தகரத்துக்குக் கீழேயும் விகாரமகாதேவிப் பூங்கா மரத்துக்குக் கீழேயும் அப்படித்தான். யாருக்காவது மின்னல் தாக்கினால் தொடப் பயப்பட வேண்டாம், உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், பக்கத்தில் இருப்பவர் 1990 அம்புலன்ஸுக்கு எடுக்கட்டும்.

பருவம் மாறுகிற மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் மின்னல் எச்சரிக்கை விடும். ஷூட்டுக்குப் புறப்பட முன் அதைப் பார்ப்பது இப்போது பற்றரி சார்ஜ் பார்ப்பது போல எனக்குப் பழக்கமாகிவிட்டது. சோடிகளுக்கும் முதலே சொல்லிவிடுகிறேன்: வானம் சரியில்லையென்றால் நாள் மாற்றுவோம், மேலதிகக் காசு வாங்கமாட்டேன்.

பின்னாலிருந்து வருகிற இன்னொன்று ரயில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை எங்கும் கடலுக்கும் ஊருக்கும் நடுவில் தண்டவாளம் ஓடுகிறது. முன்னால் சிவந்த வானம், காலடியில் மின்னுகிற இரண்டு கோடு, படத்துக்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அலைச் சத்தமும் எதிர்க்காற்றும் ரயிலின் சத்தத்தை விழுங்கிவிடுகின்றன. இரட்டைப் பாதை என்பதால் ஒன்றுக்கு விலகி மற்றதில் நின்றுவிடுகிறார்கள், அதிலும் ஒன்று வரும். கண் கமராவுக்குள் இருக்கும்போது காது வேலை செய்வதில்லை என்பதை நான் என்னிலேயே கண்டிருக்கிறேன். தண்டவாளத்தில் நின்று எடுத்த படத்தை எந்தப் பிள்ளை கொண்டுவந்தாலும் நான் திறந்து பார்ப்பதில்லை. எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சரி.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு சேர், வானத்தை மாற்றிவிடலாமே" என்றும் கேட்கிறார்கள். இன்று மென்பொருள் ஒரு நொடியில் மாற்றித் தரும். வெற்று வானத்தில் வேறு முகிலைச் சேர்ப்பது புதிதல்ல. 1850களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லு கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இணைத்திருக்கிறார். அந்தக் காலத்துத் தட்டு இரண்டையும் ஒன்றாகத் தாங்காது. இன்றைய கமரா தாங்கும். விளம்பரத்துக்கு வாடிக்கையாளர் கேட்டால் சொல்லிவிட்டுச் செய்கிறேன். என் ஊரின் வானம் என்று காட்டுகிற படத்தில் செய்யமாட்டேன். பேர வாவித் தண்ணீரில் ஒரு முகிலும் மேலே வேறொரு முகிலுமாக இருக்கிற படங்களைப் பார்க்க மனது கஷ்டப்படுகிறது.

மின்னலை இப்போது வீட்டுக்குள்ளிருந்து எடுக்கிறேன். வெள்ளவத்தையில் ஆறாவது மாடி, கிழக்கைப் பார்த்த அறை. பல்கனிக் கதவைச் சாத்தி, அறை விளக்கை அணைத்து, லென்ஸை மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிவரக் கறுப்புத் துணி கட்டிவிடுவேன், கண்ணாடியில் நிழல் விழாமல் இருக்க. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 15 செக்கன், தொடர்ந்து. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலிலிருந்து தள்ளிக் கட்டிலில் இருந்துவிடுவேன். அம்மா ஹோலில் டிவி பிளக்கைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். கமரா சார்ஜரையும் அவதான் கழற்றிவிடுவா.