இலவச நிலம் 160 ஏக்கர் என்றார்கள், ரயில் பாதை ஓரத்தில் 80தான்

1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் இருக்கும்: ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் அமெரிக்க மேற்கில் 160 ஏக்கர் இலவசம். அந்த ஒரு வரியை நம்பிப் போனவர்களில் பலர் பாதி நிலத்தோடு நின்றார்கள், சிலர் வெறுங்கையோடு. நிலத்துக்காக அலைகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிற எனக்கு, இந்தச் சட்டத்தைப் படிக்கப் படிக்க மனசு ஆறவில்லை. அன்றைக்கு டகோட்டாவுக்கோ மொன்டானாவுக்கோ மூட்டை கட்டிய ஒரு குடும்பம் என்னிடம் வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை அப்படியே எழுதுகிறேன்.

பின்னணி இவ்வளவு போதும். ஹோம்ஸ்டெட் சட்டம் வந்த அதே கோடையில், ஜூலை 1 அன்று, பசிபிக் ரயில்வே சட்டமும் வந்தது. பாதை போடும் கம்பெனிக்கு மைலுக்கு 10 செக்‌ஷன் நிலம். ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 1864ல் அதை 20 ஆக்கினார்கள். அதே ஆண்டு நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்கு மாநிலங்களில் மைலுக்கு 20, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் 40 செக்‌ஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மண் பூர்வகுடிகளுடையது. அவர்களுடைய உரிமையை அரசாங்கமே நீக்கித் தரும் என்று நார்தர்ன் பசிபிக் சட்டத்தின் 2ஆம் பிரிவு சொன்னது.

சரி, இப்போது நீங்கள் நிலம் பார்க்கப் போகிறீர்கள். மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் செக்‌ஷன் எண்ணைப் பாருங்கள். பாதையின் இரண்டு பக்கமும் நிலம் சதுரங்கப் பலகை மாதிரி பிரிந்து கிடக்கிறது. ஒற்றைப்படை எண் என்றால் கம்பெனிக்கு, இரட்டைப்படை என்றால் அரசாங்கத்துக்கு. இலவச மனு இரட்டைப்படையில் மட்டும்தான் செல்லும். ஒற்றைப்படையில் நீங்கள் வீடு கட்டி, கிணறு வெட்டி, பத்து வருஷம் உழுதாலும் ஹோம்ஸ்டெட் உரிமை வராது.

இரட்டைப்படை கிடைத்துவிட்டது என்று மூச்சு விடாதீர்கள். ரயில் மானிய எல்லைக்குள், அதாவது கம்பெனிக்கு நிலம் ஒதுக்கிய அந்தச் சதுரங்கப் பலகைக்குள், இருக்கும் அரசு நிலத்தின் விலையை ஏக்கருக்கு 1.25 டாலரிலிருந்து 2.50 டாலராக உயர்த்தி வைத்திருந்தார்கள். கம்பெனிக்குக் கொடுத்த பாதியின் விலையை மீதிப் பாதியில் எடுத்துக்கொள்ளும் கணக்கு அது. விலை இரட்டிப்பானதால் உங்கள் பங்கைப் பாதியாக்கிவிட்டார்கள்: எல்லைக்குள் 80 ஏக்கர்தான். ஐந்து வருஷம் காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே பணம் கட்டி வாங்கிக்கொள்ள வழி உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லைக்கு வெளியே 200 டாலருக்கு 160 ஏக்கர், உள்ளே அதே 200 டாலருக்கு 80. நார்தர்ன் பசிபிக் பிரதேசங்களில் இந்த எல்லை பாதைக்கு இருபுறமும் 40 மைல் வரை நீண்டது. ரயில் கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருப்பவர்களும் ரயிலோரத்துக்காரர்களாகிவிட்டார்கள். 1879 மார்ச் 3 அன்றுதான் எல்லைக்குள்ளும் 160 ஏக்கர் என்று சட்டத்தை மாற்றினார்கள். இத்தனை வருஷம் பிடித்த ஒரு திருத்தம், ஒரே பக்கத்தில் எழுதி முடிக்கிற விஷயம்.

அடுத்தது தேதி. கம்பெனி தன் பாதையின் வரைபடத்தை வாஷிங்டனில் தாக்கல் செய்ததும், அங்கிருந்து உத்தரவு போட்டு, அந்தப் பகுதி நிலத்தைக் குடியேற்றத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். அந்த உத்தரவு உங்கள் மாவட்ட நில அலுவலகத்துக்கு வந்து சேர நாளாகும். இடைப்பட்ட நாளில் நீங்கள் போனால், பதிவாளர் மனுவை வாங்கிக்கொள்வார், பணம் வாங்கும் அதிகாரி ரசீதும் தருவார். அப்புறம் ஒரு நாள், இது கம்பெனி நிலம் என்று கடிதம் வரும். தவறு அலுவலகத்துடையது, இழப்பு உங்களுடையது. தாக்கீது உள்ளூர் அலுவலகத்துக்கு வரும்முன் பதிவான மனுக்கள் செல்லும் என்று 1876 ஏப்ரல் 21ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. ஆகவே ரசீதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அந்த ஜன்னலிலேயே நின்று பாருங்கள். மை கலங்கியிருந்தால் மறுபடி எழுதித் தரச் சொல்லுங்கள்.

யார் மனு போடலாம் என்பதிலும் பொறி இருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். கூடவே குடிமகனாகவோ, ஆக விரும்புவதாக அறிவித்தவராகவோ இருக்க வேண்டும். மணமாகாத பெண்ணும் விதவையும் போடலாம், கணவனோடு வாழும் பெண் போட முடியாது. குடியுரிமைச் சட்டம் சீனர்களுக்கு இடமே கொடுக்கவில்லை. சென்ட்ரல் பசிபிக் பாதைக்காக சியரா நெவாடா மலையைக் குடைந்த அந்தக் கூலிகள், தாங்கள் போட்ட பாதையின் ஓரத்தில் ஒரு ஏக்கர்கூடக் கேட்க முடியாது.

கம்பெனியிடமே ஒற்றைப்படை நிலத்தை வாங்கலாம் என்று நினைத்தால், விலை எழுத்தில் வரும்வரை கலப்பையை இறக்காதீர்கள். கலிஃபோர்னியாவின் மசல் ஸ்லூவில் சதர்ன் பசிபிக் கம்பெனி ‘2.50 டாலரும் அதற்கு மேலும்’ என்று துண்டறிக்கை போட்டு ஆட்களை அழைத்தது. அவர்கள் வாய்க்கால் வெட்டி வறண்ட மண்ணை விளைநிலமாக்கிய பிறகு, அந்த விளைநிலத்துக்கான விலையைப் பல மடங்காக அவர்களிடமே கேட்டது. நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. 1880 மே 11 அன்று நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஏழு பேர் செத்தார்கள். ‘அதற்கு மேலும்’ என்ற சொல்லை யாரும் அடிக்கோடிட்டுக் காட்டவில்லை.

முதலீட்டாளர்களுக்கு என்ன நடைமுறை என்று கேட்பீர்கள். நார்தர்ன் பசிபிக் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்த ஜே குக்கின் வங்கி 1873 செப்டம்பர் 18ல் கதவடைத்தது. பத்திரத்தின் சந்தை விலை விழுந்தது. ஆனால் கம்பெனி அதை முகமதிப்புக்கே, அதாவது பத்திரத்தில் எழுதியிருந்த முழுத் தொகைக்கே, ஏற்று நிலம் கொடுத்தது. கம்பெனித் தலைவராக இருந்த ஜார்ஜ் காஸும் இயக்குநர் பெஞ்சமின் செனியும் இப்படித்தான் டகோட்டாவில் 13,000 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். ஐந்து வருஷக் குடியிருப்பு இல்லை, சாட்சி இல்லை. பக்கத்து ஊருக்கு காசல்டன் என்று காஸின் பெயரே நின்றுவிட்டது.

ஊர் மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்கெனவே மக்கள் இருக்கும் ஊருக்குத்தான் ரயில் வரும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். மொன்டானாவில் கோல்சன் என்ற ஆற்றங்கரை ஊர் 1877லிருந்து ரயிலுக்காகக் காத்திருந்தது. 1882ல் நிலையம் சில மைல் தள்ளிப் புது இடத்தில் வந்தது. அந்தப் புது ஊருக்கு பில்லிங்ஸ் என்று கம்பெனியின் முன்னாள் தலைவர் பெயர், கோல்சன் அழிந்தது. பாதை வேலை நடக்கும்போது முளைக்கும் கூடார ஊர்கள் இன்னும் ஆபத்து. வயோமிங்கின் பென்டன் 1868ல் மூன்று மாதம்தான் இருந்தது. அரசு நிலத்தில் குடியேறிய ஊர்க்காரர்களுக்கு மனை உரிமை தரும் சட்டம் 1867ல் உண்டு, ஆனால் ஊர் ஒற்றைப்படை செக்‌ஷனில் விழுந்தால் அது உதவாது.

வரியையும் கணக்கில் வையுங்கள். சர்வே செலவைக் கட்டாமல் கம்பெனி பட்டாவைத் தள்ளிப்போட்டால், அந்த நிலத்துக்கு உள்ளூர் வரி போட முடியாது. கான்ஸாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் பணம் பட்டா வாங்கிய உங்களிடமிருந்துதான் போகும்.

கடைசியாக, பட்டா கைக்கு வரும்வரை நிலத்தை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் விலகாதீர்கள். கூலி வேலைக்குப் போனாலும் குடும்பத்தை அங்கேயே வையுங்கள். காலி வீட்டைக் காட்டி, கைவிட்ட நிலம் என்று வேறொருவர் மனு போடலாம். ஐந்து வருஷம் முடிந்ததும், ஏழாவது வருஷம் தாண்டுவதற்குள், இரண்டு சாட்சிகளோடு நில அலுவலகம் போய் இறுதி நிரூபணம் கொடுக்க வேண்டும். 1879க்குப் பிறகு அதற்கு முன்னால் பக்கத்துச் செய்தித்தாளில் அறிவிப்பும் போட வேண்டும், செலவு உங்களுடையது. சாட்சிக்கு வரும் அக்கம்பக்கத்தாரின் பெயரை முதல் வருஷமே குறித்து வையுங்கள். அவர்களும் இடம் மாறிப் போய்விடலாம், அதனால் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேர் பெயராக எழுதுங்கள்.