சொல் விளக்கம்: அவதூறு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து செய்தி எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஒரு தோட்டத்துக் கோயிலின் வரவு செலவைப் பற்றி நான் அனுப்பிய செய்தி நாளிதழில் வெளிவந்தது. அன்று காலையே கோயில் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “என்ன தம்பி, என்னைப் பேப்பர்ல போட்டு இப்படித் தூத்திட்டீங்களே” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பத்து நாள் கழித்து மலாயில் எழுதப்பட்ட வழக்கறிஞர் கடிதம் ஒன்று வந்தது. அதே குறையை அது ‘பித்னா’ என்றது. கடிதத்தைப் படித்துப் பார்த்த எங்கள் ஆசிரியர், “இது அவதூறு வழக்காகலாம்” என்றார். தலைவர் வாயில் வந்த சொல்லும் ஆசிரியர் வாயில் வந்த சொல்லும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அவதூறு என்பதை அவ, தூறு என்று பிரித்துக் காணலாம். அவ என்பது இழிவையும் கேட்டையும் குறித்து நிற்கும் முன்னொட்டு. அவப்பெயர், அவமானம், அவச்சொல் ஆகியவற்றிலும் அதையே பார்க்கிறோம். தூறு என்றால் பழிச்சொல். அதற்கு உறவான வினைகள் தூறுதலும் தூற்றுதலும் ஆகும். மழை தூறும்போது நீர் துளித்துளியாகச் சிதறுகிறது. ஒன்றைச் சிதறவிடுவது தூற்றுதல். பால்மரம் வெட்ட வருமுன் களத்துமேட்டில் வேலை செய்திருந்த என் பாட்டி, புடைப்பதும் தூற்றுவதும் ஒன்றல்ல என்று லயத்து வாசலில் முறத்தை எடுத்தே காட்டுவார். புடைக்கும்போது முறம் இடுப்பளவில் நிற்கும், தட்டத் தட்டத் தவிடு முன்னால் விழும். தூற்றும்போது முறத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காற்றுக்கு வாகாக நின்று மெல்லச் சாய்க்க வேண்டும். நெல் காலடியில் விழும், பதர் காற்று கொண்டுபோகும் இடத்துக்குப் போகும். ஒருவரைப் பற்றிய பழியை ஊருக்குள் பரவவிடுவதற்கும் தமிழர் இதே வினையைத்தான் ஆண்டார்கள். தோட்டங்களில் அது இன்றும் ‘தூத்துறது’ என்று வழங்குகிறது.

ஆங்கிலச் சட்டச்சொல்லான டிஃபமேஷனின் வேரும் இதே படத்தைத்தான் காட்டுகிறது. லத்தீனில் ஃபாமா என்றால் பேச்சு, ஊர்ப்பேச்சு, பெயர். அதற்கு முன் நிற்கும் ‘டிஸ்’ என்ற முன்னொட்டு பிரிந்து பரவுவதைக் குறிக்கும். மலாய்ச் சொல்லின் வழி வேறு. அரபியில் ஃபித்னா என்பது சோதனையையும் குழப்பத்தையும் குறிக்கும். மலாய்க்கு வந்தபின் பொய்ப்பழி என்ற பொருளில் நிலைத்துவிட்டது. மலேசியாவின் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் மலாயில் ‘ஆக்தா பித்னா’ என்றே பெயர் பெற்றிருக்கிறது. பொய், வேண்டுமென்றே கட்டிவிட்டது என்ற எண்ணம் பித்னாவில் முதலில் வருகிறது. தூற்றுதலிலோ பரப்பும் செயல் முதலில் வருகிறது. சட்டத்தின் மனப்போக்குக்கு நம் சொல்லே நெருக்கமானது என்பது என் கருத்து. உரிமையியல் (சிவில்) வழக்கில் எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று வாதி முதலில் நிறுவ வேண்டியதில்லை. அச்சொற்கள் தம் பெயரைக் கெடுப்பவை, தம்மைக் குறிப்பவை, மூன்றாம் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தவை என்ற மூன்றையும் காட்டினால் போதும்.

இம்மூன்றில் கடைசியானதை, பழி பிறரிடம் போய்ச் சேர்வதை, சங்கத் தமிழ் மிக நுட்பமாக அறிந்திருந்தது. அகப்பாடல்களில் வாய்க்குள் முணுமுணுக்கப்படும் பேச்சு அம்பல். ஊரறியப் பூவாய் விரிந்துவிட்ட பேச்சு அலர். ஒரு நிருபர் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்ததோ, பழிக்கு ஆளானவரிடமே நேரில் சொன்னதோ இன்னும் அலராகவில்லை. அச்சேறியதும் ஆகிவிடுகிறது, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிர்ந்ததும் ஆகிவிடுகிறது.

ஈடான சொற்களைப் பார்ப்போம். நம் நாளிதழ்களில் அதிகம் புழங்குவது ‘மானநஷ்ட வழக்கு’. நஷ்டம் என்பது விளைவு, செயலன்று. வழக்குக்குக் காரணமான செயல் அவதூறு. அதனால் நேர்ந்தது மானநஷ்டம். அதற்காகக் கேட்பது இழப்பீடு. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் செய்தி மங்கிவிடும். மானபங்கம் என்பதை இங்கு அறவே தவிர்க்க வேண்டும், ஏனெனில் இன்றைய வழக்கில் அது பெண்ணுக்கு இழைக்கப்படும் வேறொரு குற்றத்தைக் குறிக்கிறது. அவமதிப்பு நீதிமன்றத்துக்கு உரியது. நிந்தனை 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டத்துக்கு உரியது. இவற்றை மாற்றிப்போட்டுத் தலைப்பிட்ட செய்திகளை நான் படித்திருக்கிறேன், ஒருமுறை நானும் எழுதியிருக்கிறேன். முழுத் தமிழாகவே வேண்டுமென்பவர் பழிதூற்றல் என்று எழுதலாம். பொருள் சிறிதும் குறையாது. லைபெல், ஸ்லாண்டர் ஆகிய இருவகைகளை எழுத்துவழி அவதூறு, வாய்மொழி அவதூறு என்பது தெளிவாக இருக்கிறது. லைபெல் சிறுநூலைக் குறிக்கும் லத்தீன்சொல்லிலிருந்து வந்தது. வானொலியில் பேசியதும் எழுத்துவழி அவதூறாகவே கொள்ளப்படும் என்கிறது 1957 சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஆகவே வகைப்பெயரில் உள்ள எழுத்து என்பதை நிலைத்த வடிவம் என்றே விளங்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுபவர் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் மொழியில் கேள்விப்பட்டதைச் சொல்வதற்கென்றே ‘ஆம்’ என்ற ஓர் ஒட்டு இருக்கிறது. ‘பணத்தை எடுத்தார்’ என்பதற்கும் ‘எடுத்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாலு வயதுப் பிள்ளையும் அறியும்; பின்னதைச் சொன்னவர் பொறுப்பைத் தம் தோளிலிருந்து இறக்கிவிட்டதாகவே நாம் கொள்கிறோம். அச்சில் அந்த ஒட்டு ‘என்று கூறப்படுகிறது’, ‘என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று வேட்டி கட்டிக்கொண்டு வருகிறது. சட்டம் இதை ஏற்பதில்லை. பிறர் சொன்ன பழியைத் திரும்பச் சொன்னவரும் பழி சொன்னவரே. ‘அவர் அப்படிச் சொன்னார்’ என்பது உண்மை என்று காட்டினால் போதாது, அவர் சொன்னது உண்மை என்று காட்ட வேண்டும். என் கோயில் செய்தியில் ‘கையாடல் நடந்திருப்பதாக உறுப்பினர்கள் கூறுகின்றனர்’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்தக் ‘கூறுகின்றனர்’ என்னைக் காக்கும் என்று நம்பியிருந்தேன்.

பெயர் போடாததும் காக்கவில்லை. ‘தோட்டத்துக் கோயில் ஒன்றின் தலைவர், முன்னாள் கிராணி’ (தோட்ட எழுத்தர்) என்று எழுதினால் கோலாலம்பூர் வாசகருக்கு யாரென்று விளங்காமல் இருக்கலாம். எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும் எவருக்கும் அது நெற்றியில் எழுதிய பெயர். சொற்கள் இவரையே குறிக்கின்றன என்று அவரை அறிந்தவர்கள் நியாயமாக உணர்ந்தால் போதும் என்பது விதி. தோட்டப்புற ஊர்களில் செய்தி எழுதுவோர் பெருநகரத்தாரைவிடக் கூடுதலாக அஞ்ச வேண்டியது இந்த விதிக்குத்தான்.

எதிர்வாதங்களுள் முதலாவது உண்மை. சொன்னதை மெய்ப்பிக்கும் சுமை சொன்னவர்மேல் இருக்கிறது. உரிமையியல் வழக்கில் உண்மை ஒன்றே போதும். தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவிலோ உண்மையாய் இருப்பதோடு பொதுநலத்துக்காகவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அங்கே குற்றம் உறுதியானால் 500ஆம் பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இரண்டாவது நேர்மையான கருத்துரை. கருத்து, கருத்தாகவே தெரியும்படியும் உண்மைத் தகவலின்மேல் நின்றும் இருக்க வேண்டும். ‘கையாடல்’ கருத்தன்று, குற்றச்சாட்டு. மூன்றாவது சிறப்புரிமை: திறந்த நீதிமன்ற விசாரணையைச் சரியாகவும் ஒருசார்பின்றியும் உடனுக்குடன் எழுதுபவருக்குக் காப்பு உண்டு. நீதிமன்றப் படிக்கட்டில் வழக்கறிஞர் பேசியது விசாரணை ஆகாது.

பொறுப்பான இதழியல் என்ற எதிர்வாதம் 1999இல் பிரிட்டனின் ரேனால்ட்ஸ் வழக்கில் உருப்பெற்றது. அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அதில் பத்துக் கூறுகளைச் சுட்டியது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டீர்களா, அவர் தரப்பின் சாரத்தை வெளியிட்டீர்களா என்பவையும் அவற்றுள் அடங்கும். மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் இந்த எதிர்வாதத்தை ஏற்றிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் பிரிட்டனின் வழியை அது பின்பற்றவில்லை. அரசு அமைப்பு அவதூறு வழக்குத் தொடர முடியாது என்று 1993இல் அங்கே டெர்பிஷயர் வழக்கில் தீர்ப்பாயிற்று; சரவாக் மாநில அரசு தொடுத்த வழக்கில், அரசும் தொடரலாம் என்று 2018இல் இங்கே தீர்ப்பாயிற்று. தனிமனிதரின் பெயரைக் காக்கப் பிறந்த சொல்லை அரசாங்கத்துக்கும் நீட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆனாலும் நடப்புச் சட்டம் அதுதான் என்பதை நிருபர் அறிந்திருக்க வேண்டும்.

தூற்றியவர் யார் என்ற கேள்வியும் இன்று விரிந்துவிட்டது. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவின்படி, இணையப் பதிவில் பெயர் காணப்படுபவரும் அப்பக்கத்தை நடத்துபவரும், மாறாக நிறுவப்படும்வரை, அதை வெளியிட்டவராகவே கருதப்படுவர். தோட்டப் பள்ளி முன்னாள் மாணவர்களுக்கென ஒரு பக்கத்தை நடத்துபவர்கூட அந்த வகையில் பதிப்பாளரே ஆகலாம்.

என் செய்தி வழக்குவரை போகவில்லை. தலைவரை அவர் வீட்டில் சந்தித்து, அவர் தரப்பைக் கேட்டு எழுதிக்கொண்டேன். முதலில் செய்திருக்க வேண்டியது அது. அதே பக்கத்தில் திருத்தம் வந்தது. கையாடல் என்ற சொல் நீங்கியது. ‘கோயிலின் மூன்றாண்டுக் கணக்கறிக்கை பொதுக்கூட்டத்தில் இன்னும் தாக்கல் செய்யப்படவில்லை, பொருளாளர் மறைந்ததால் தாமதமாகிவிட்டது என்று தலைவர் விளக்கினார்’ என்பது திருத்திய வாக்கியம். முதல் பாதிக்குக் கூட்டக் குறிப்பேட்டின் நகல் என்னிடம் இருந்தது.