கண்ட்ரோலர்: கட்டுப்படுத்தியா, நெறிப்படுத்தியா?

நூலக மென்பொருளில் 'இரவல் கொடு' பொத்தானை அழுத்துகிறோம். வேண்டுகோள் கண்ட்ரோலரிடம் வருகிறது; பயனரின் வேண்டுகோளை வாங்கி, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல் பகுதி அது. உறுப்பினரின் கணக்கு நடப்பில் உள்ளதா, புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று இரண்டு மாடல்களை, அதாவது தரவையும் அதற்கான விதிகளையும் வைத்திருக்கும் நிரல் பகுதிகளைக் கேட்டு, மூன்றாவதிடம் இரவலைப் பதியச் சொல்ல வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் இங்கேதான் தயங்குவார்கள்: ஒரு கண்ட்ரோலருக்கு ஒரு மாடல்தானே?

அந்த எண்ணம் வரக் காரணம் உண்டு. இணையச் செயலிகள் எழுத உதவும் கேக்பிஎச்பி என்ற நிரல் சட்டகத்தின் பழைய பதிப்புகள், கண்ட்ரோலரின் பெயரைப் பார்த்து அதே பெயருள்ள மாடலைத் தாமே இணைத்துவிடும். வேறு மாடல்கள் வேண்டுமென்றால் 'யூசஸ்' பட்டியலில் எழுத வேண்டும். அது வசதிக்காகச் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான். நார்வேக்காரர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1979 டிசம்பரில் எழுதிய குறிப்பின் தலைப்பே 'மாடல்ஸ்-வியூஸ்-கண்ட்ரோலர்ஸ்' (வியூ என்பது திரையில் காட்டும் பகுதி). மூன்றும் பன்மை. கண்ட்ரோலரை அவர் பயனருக்கும் கணினி அமைப்புக்கும் இடையிலான இணைப்பு என்றே வரையறுத்தார்.

கண்ட்ரோலர் என்ற சொல் அந்தக் குறிப்பைவிட மிகப் பழையது. அதன் மூலம் இடைக்கால லத்தீனின் 'கான்ட்ராரோட்டுலஸ்': கான்ட்ரா என்றால் எதிர், ரோட்டுலஸ் என்றால் சுருள். வசூலிப்பவர் ஒரு சுருளில் கணக்கெழுதுவார். இன்னொருவர் தனியாக வேறொரு சுருளில் எழுதிவருவார். பிறகு இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். எதிரேடு என்று சொல்லலாம். ஆங்கிலக் கவிஞர் சாசர் 1374-இல் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தின் கண்ட்ரோலராக அமர்ந்தபோது, ஏட்டைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, கண்ட்ரோலர் முதலில் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்த்தவர். அடக்கி ஆளும் பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

தமிழில் வழங்கும் 'கட்டுப்படுத்தி' அந்தப் பிந்தைய பொருளை மட்டும் பிடித்துக்கொண்டது. விலையைக் கட்டுப்படுத்தலாம், கூட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். மாடலை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? தாமதக் கட்டணத்தைக் கணக்கிடுவது இரவல் மாடலின் வேலை. அதில் கண்ட்ரோலர் கை வைத்தால் நிரல் வீங்கிவிடும். தொலைக்காட்சி விவாதத்தின் நெறியாளர் மாதிரி, யாரை எப்போது கேட்பது என்று முடிவு செய்வதோடு அதன் வேலை சரி. (நம் நெறியாளர்கள் அப்படித்தான் இருக்கிறார்களா என்பது வேறு கதை.) அதனால் 'நெறிப்படுத்தி' என்பது என் தேர்வு. வெப்பநிலைக் கருவிக்குக் 'கட்டுப்படுத்தி' அப்படியே இருக்கட்டும்.

மாடலுக்கு 'மாதிரி' போதாது. 'நெறிப்படுத்தியில் பல மாதிரிகள்' என்றால் கடையில் சேலை பார்ப்பதுபோல் இருக்கிறது. 'மாதிரியம்' என்றால் குழப்பமில்லை: இரவல் நெறிப்படுத்தி மூன்று மாதிரியங்களை அழைக்கிறது.